மரகதத்தின் பக்கம் திறக்கவில்லை

பக்கம் திறக்கவில்லை. ஒரு வருஷமாகத் திறக்கவில்லை. எனக்கு மட்டும் திறந்தது. அதுதான் நடந்தது.

வேண்டாம் தம்பி, சீட்டுக்கு அடியில் வேண்டாம். மேலே வேண்டவே வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனம்தான். இருந்தால் என்ன? உங்கள் மடியில் இல்லையே.

கம்ப்யூட்டர்தான். டிவி மாதிரி இருக்குமே, அது வீட்டில் இருக்கிறது. இது பெட்டி. இதற்குள்தான் எல்லாம். சுற்றியிருப்பது என் சம்சாரத்தின் போர்வை. அவள் இல்லை. போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. வருத்தப்பட வேண்டாம். நீங்கள் அவளைப் பார்த்ததுகூட இல்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் வண்டி நகராது. சிக்னல் விழவில்லை. கல்லலில் எதிர்வண்டி உள்ளே வந்தாக வேண்டும். வந்ததும் விடுவார்கள். எப்படித் தெரியுமா? நான் ஸ்டேஷன் மாஸ்டர். ரிட்டயர்டு. மானாமதுரை, சூடியூர், பரமக்குடி, இந்தப் பக்கமெல்லாம் என் காலடி பட்ட இடம். ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனைக் கேட்காமல் வண்டியை விட முடியாது. லைன் காலி என்று கண்ணால் பார்த்தாலும் கேட்க வேண்டும். போன வண்டிக்குக் கேட்டது இந்த வண்டிக்கு ஆகாது. ஒவ்வொரு வண்டிக்கும் புதிதாகக் கேட்க வேண்டும். அங்கே இருப்பவன் சரி என்று ஒரு நம்பர் கொடுப்பான். அதை எழுதிக்கொண்டு விட வேண்டும். அதற்குப் பெயர் லைன் கிளியர். பதில் வரவில்லையா, நிற்க வேண்டும். என் சர்வீஸில் ஒரு வண்டிகூட லைன் கிளியர் இல்லாமல் போனதில்லை.

பக்கத்துக்கு வருகிறேன். அவசரப்படாதீர்கள். அவசரம் எனக்குத்தான் பிடிக்கும்.

என் சம்சாரம் பெயர் மரகதம். அவளுக்கு இண்டர்நெட்டில் ஒரு பக்கம் இருந்தது. ‘கெட்டுப்போச்சா?’ என்று பெயர். சமையல் பக்கம் இல்லை. எப்படிச் சமைப்பது என்று சொல்ல ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். சமைத்தது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று சொல்ல ஆள் இல்லை என்பாள். சாம்பாரில் உப்பு கூடிவிட்டதா? உருளைக்கிழங்கு போடு என்பார்கள். போடாதே. உப்பும் அப்படியே இருக்கும், உருளைக்கிழங்கும் வீண். இன்னொரு பங்கு பருப்பு வேகவைத்து ஊற்று, வேறு வழி இல்லை. இப்படி எழுதுவாள். குலோப்ஜாமூன் எண்ணெயில் பிரிந்துவிட்டதா? அழாதே. கிளறு, பாலை ஊற்று, புதிதாக ஒரு பெயர் வை, தைரியமாகப் பரிமாறு. அப்படி ஒன்று.

சிரிக்கிறீர்கள். ஜனங்களும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கீழே கேள்வி கேட்பார்கள். குஜிலியம்பாறையிலிருந்து ஒருத்தி, மஸ்கட்டிலிருந்து ஒருவன். அடை கல்லில் ஒட்டுகிறது, தயிர் உறையவில்லை, மாமியார் வருகிறார், ரசம் கசக்கிறது. எல்லோருக்கும் பதில் போடுவாள். ஒரு விரலால் தட்டித் தட்டிப் போடுவாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். "என்னங்க, மஸ்கட்ல ஒருத்தர் பாவம் தனியா இருக்காராம். சோறு குழைஞ்சு போச்சாம்" என்பாள். "அதுக்கு நான் என்ன பண்ண?" என்பேன். இவ்வளவுதான் எனக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தம்.

யார் செய்து கொடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை. ஏதோ கம்பெனி என்று நினைத்தேன்.

அவள் போன பிறகு நான் அந்தப் பக்கத்தைத் திறக்க ஆரம்பித்தேன். காலையில் காபி. காபி என்றால் நான் போடுவது, அதைக் காபி என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு கம்ப்யூட்டர். தினம் ஒன்று படிப்பேன். சமைக்க இல்லை. சும்மா. படித்தால் அவள் குரல் மாதிரி இருக்கும். வீட்டில் வேறு சத்தம் கிடையாது. ஃபேன் இருக்கிறது.

பக்கம் டக்கென்று திறக்கும். மழை பெய்தாலும் திறக்கும். நெட் படுத்துக்கிடக்கிறது என்று தெருவே புலம்பும்போதும் என் வீட்டில் திறக்கும். நல்ல கம்பெனி என்று நினைத்தேன்.

கோபம் வேறு ஒன்றில். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை தம்பி. அவள் போன பிறகு ஒரு கேள்வி இல்லை. தினம் கீழே வரைக்கும் இறக்கிப் பார்ப்பேன். கடைசியாகக் கேட்டவள் ஒரு கூடலூர்க்காரி, பால்கோவா அடிபிடித்ததற்கு. அதற்கு மரகதம் போட்ட பதில். அதோடு சரி. அத்தனை பேருக்கு உப்பும் புளியும் சரிசெய்து கொடுத்தாள். போனதும் ஒருவனுக்கும் வேண்டாதவள் ஆகிவிட்டாள். ஜனங்கள் இப்படித்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தினம் இறக்கிப் பார்ப்பேன்.

போன் அடிக்கிறது, தெரிகிறது. அடிக்கட்டும். யார் என்று தெரியும். என்ன சொல்லப் போகிறார்கள் என்றும் தெரியும்.

அப்புறம் சொர்ணம் பேசினாள். சொர்ணம் மரகதத்தின் தங்கை, பரமக்குடியில் இருக்கிறாள். "அத்தான், அக்காவோட பக்கம் ரொம்ப நாளா வரவே மாட்டேங்குதே. எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"உன் போன் சரியில்லை. புதுசு வாங்கு."

"புதுசுதான் அத்தான். போன மாசம் வாங்கினது."

"அப்ப உனக்குத் திறக்கத் தெரியலை."

"ஆமா, எனக்குத் தெரியலை. உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று வைத்துவிட்டாள். அக்காவுக்கு நேர் எதிர். வாய்.

நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். பக்கம் இருக்கிறது. குலோப்ஜாமூன் இருக்கிறது. பால்கோவா இருக்கிறது. பரமக்குடியில் இல்லை என்கிறாள். அப்படியானால் என்ன? நடுவில் லைன் பழுது. நான் எத்தனை லைன் பழுது பார்த்திருக்கிறேன். வரிசையாக ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கேட்டுக்கொண்டே போனால் எந்த இடத்தில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ரிட்டயர்டு மாஸ்டர்கள் லைன் நெடுக இருக்கிறார்கள். பரமக்குடி சந்தானகிருஷ்ணனுக்குப் போட்டேன். ராமநாதபுரம் ஹனீபாவுக்குப் போட்டேன். மண்டபம் பெர்னாண்டோவுக்குப் போட்டேன். பக்கத்தின் பெயரைச் சொல்லி, திறந்து பார்த்து ரிப்போர்ட் கொடு என்றேன்.

பெர்னாண்டோ மீன்கடையில் நின்றான். "யோவ், நண்டு பேரம் பேசிட்டு இருக்கேன்யா. ரிட்டயர் ஆயி எத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் என்னைய டூட்டியில வைக்கிறியே!"

"திறக்குதா இல்லையா?"

"திறக்கலை. இந்தத் தளத்தை அணுக முடியவில்லைன்னு வருது. போதுமா? நண்டு போயிருச்சு."

பரமக்குடி இல்லை. ராமநாதபுரம் இல்லை. மண்டபம் இல்லை. பிறகு மானாமதுரையிலேயே எதிர்வீட்டில் கேட்டேன். அங்கேயும் இல்லை. அப்படியானால் கோளாறு எங்கே? என் வாசலுக்கும் எதிர்வீட்டு வாசலுக்கும் நடுவில். தெருவில். இறங்கித் தேடினேன். கம்பத்திலிருந்து கம்பத்துக்குப் போகிற ஒயரையெல்லாம் அண்ணாந்து பார்த்தேன். ஒரு ஒயரும் அறுந்திருக்கவில்லை.

சிரியுங்கள். இப்போது சிரிக்கலாம்.

கடைவீதியில் குமரவேல் என்று ஒருவர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வரச்சொன்னேன். வந்தார், பார்த்தார், அவர் போனில் திறந்து பார்த்தார், திரும்ப என் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பின்னால் கையை விட்டு நெட் ஒயரைப் பிடுங்கினார்.

"என்னய்யா பண்றே?"

"இப்பத் திறங்க சார்."

திறந்தேன். திறந்தது. ஒயர் அவர் கையில் தொங்குகிறது. பக்கம் எதிரே இருக்கிறது.

மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன் தம்பி. திரும்பவும் திறந்தது.

"இது வெளியே இருந்து வரலை சார். உங்க பெட்டிக்குள்ள இருந்தே வருது. நகல். ஒரிஜினல் எங்கயும் இல்லை. பக்கத்துக்கு இடம் கொடுத்திருந்த கம்பெனி கடையை மூடிட்டான் போல. மெயில்ல சொல்லியிருப்பான்."

மெயில் அவள் பெயருக்கு வந்திருக்கும். அடுத்தவர் பெயருக்கு வந்ததை நான் பிரிக்க மாட்டேன். சம்சாரமாக இருந்தாலும் பிரிக்க மாட்டேன். அது ஒரு பழக்கம்.

அப்படியானால் இத்தனை நாள் நான் தினம் போய்ப் பார்த்தது எதை? எங்கேயும் போகவில்லை. இந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

குமரவேல் நல்லவர். உதவி செய்கிறேன் என்று, "பழசெல்லாம் கிளியர் பண்ணிடவா சார், மெஷின் பறக்கும்" என்றார். நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார். அப்புறம் குமரவேல் மெதுவாகச் சொன்னார். "யாரோ வேணும்னே இப்படிப் பண்ணியிருக்காங்க சார். ஒயர் இல்லாட்டியும் திறக்கிற மாதிரி. யார் பண்ணாங்களோ அவங்களைக் கேளுங்க. அவங்களால இதுக்குள்ள இருந்து எடுக்க முடியும். நான் கை வெச்சா அழிஞ்சாலும் அழிஞ்சுரும்."

யார் பண்ணியது என்று யாரைக் கேட்பது? சொர்ணத்தைக் கேட்டேன்.

"நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா அத்தான்? அக்கா சொல்லவே இல்லையா?"

"சொல்லு."

"பூங்கோதை வீட்டுக்காரர்தான்."

இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூங்கோதை என் மகள். ஒரே மகள். திருச்சியில் இருக்கிறாள். ஒரு ஆளைக் கல்யாணம் செய்துகொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துகொண்டாள். அந்த ஆள் யார், என்ன ஜாதி, எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்பதெல்லாம் எனக்கு ஒன்றும் கிடையாது. இல்லவே இல்லை. அனுமதி கேட்கவில்லை. அதுதான். லைன் கிளியர் வாங்காமல் வண்டியை விட்டுவிட்டாள்.

கேட்டேன் என்று அவள் சொல்வாள். சூடியூரில் நான் டூட்டியில் இருந்தபோது ஸ்டேஷனுக்கு வந்தாள். கதவு பக்கத்தில் நின்று, "அப்பா, ஒரு விஷயம்" என்றாள். கிராசிங் நேரம், எதிரெதிர் வண்டிகள் மாறுகிற சமயம். "அப்புறம்" என்றேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். கிராசிங் முடிந்தது, அடுத்த வண்டி, அதற்கு அடுத்தது. எட்டிப் பார்த்தபோது அவள் பாசஞ்சரில் ஏறிக்கொண்டிருந்தாள். வீட்டிலும் இரண்டு தடவை வந்து நின்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இது கேட்டதாக ஆகுமா? பதில் வரும்வரை நிற்க வேண்டாமா?

அப்புறம் ஒன்பது வருஷம். நான் பேசவில்லை. என்ன சொல்வாள் என்று தெரியும், எப்படி அழுவாள் என்று தெரியும். பெற்ற எனக்குத் தெரியாதா அவளை? புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

மரகதம் திருச்சிக்கு மாதா மாதம் போவாள். கண் ஆஸ்பத்திரிக்கு. கண்ணாடிகூடப் போடவில்லை. அதை நான் யோசிக்கவில்லை. கண் நன்றாகத்தான் இருந்திருக்கிறது அவளுக்கு.

சொர்ணம் போன் நம்பர் கொடுத்தாள். நான் போன் செய்யவில்லை. அட்ரஸ் வாங்கிக்கொண்டேன். பெட்டியைப் போர்வையில் சுற்றினேன். வண்டி ஏறிப் போய் வாசலில் நின்றேன்.

ஆமாம், சொல்லாமல்தான். அதற்கு என்ன? பெட்டி கனமாக இருந்தது.

பூங்கோதைதான் கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள். நரை விழுந்திருக்கிறது, இந்த வயதில். நான் நினைத்து வைத்திருந்த முகம் வேறு. "வாங்கப்பா" என்றாள். அழவில்லை. அழுவாள் என்றல்லவா நினைத்தேன். பெட்டியைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், போர்வையின் முனையை ஒரு தடவை தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் குழாய்ச் சத்தம்.

அந்த ஆள் வந்தார். சட்டைப் பட்டனை அவசரமாகப் போட்டுக்கொண்டே வந்தார். "உக்காருங்க சார்" என்றார். நான் உட்காரவில்லை. "அந்தப் பக்கம் இல்லை. இதற்குள் இருக்கிறது. எடுக்க முடியுமா?" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன்.

"போன்ல சொல்லியிருந்தா இங்க இருந்தே எடுத்திருப்பேனே சார். இதைத் தூக்கிட்டா வந்தீங்க?"

"முடியுமா முடியாதா?"

"பார்க்கிறேன் சார்."

மூடின விஷயம் அவர்களுக்கும் தெரியும். நான்தான் வேண்டாமென்று மூடிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது என்று பயமாம். பயப்பட என்ன இருக்கிறது?

பெட்டியை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பின்னால் நின்றேன். எனக்குச் சும்மா நிற்க வராது. "இது எப்படி வேலை செய்கிறது? சொல்லும்" என்றேன். சொன்னார். எனக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொல்லவில்லை. வேலை பார்த்துக்கொண்டே, கேட்டதற்குப் பதில்.

நீங்கள் போனில் ஒரு பக்கத்தின் பெயரைப் போடுகிறீர்கள் அல்லவா? திறந்து காட்டுகிற அந்தச் சாமானுக்குப் பெயர் பிரௌசர். அதற்குப் பெயரை வைத்து ஒன்றும் தெரியாது. முதலில் ஒரு இடத்தில் போய், இந்தப் பெயருக்கு என்ன நம்பர் என்று விசாரிக்கும். நம்பர் கிடைத்ததும் அந்த நம்பரில் இருக்கிற கம்ப்யூட்டரைக் கூப்பிடும். அதற்குப் பெயர் சர்வர். பக்கம் எல்லாம் அதனிடம்தான். எங்கேயோ இருக்கும். அமெரிக்காவிலும் இருக்கும், அம்பத்தூரிலும் இருக்கும். இருக்கிறாயா என்று இது. இருக்கிறேன், சொல் என்று அது. சரி, சொல்கிறேன் என்று திரும்பவும் இது. அதற்கு அப்புறம்தான், இந்தப் பக்கத்தைக் கொடு என்று கேட்கும். அது ஒரு நம்பர் சொல்லிக் கொடுக்கும். இருநூறு என்றால், இந்தா. நானூற்று நாலு என்றால், அப்படி ஒன்று இங்கே இல்லை.

எனக்குப் பிடித்திருந்தது. லைன் கிளியர்தான் இது. நம்பர் உட்பட. "சர்வர் தானாக ஒன்றும் அனுப்பாதா?" என்றேன்.

"அனுப்பாது சார். கேட்டாத்தான் கொடுக்கும். ஒரு பக்கத்தைக் கொடுத்து முடிச்சதும் மறந்துரும். அடுத்த தடவை திரும்ப முதல்ல இருந்து கேட்கணும்."

"சரியான முறை" என்றேன். "அப்புறம் இந்த நகல் ஏன்?"

"ஒவ்வொரு தடவையும் முழுசா வாங்கினா நேரம் ஆகும் சார். அதனால பிரௌசர் ஒரு நகல் வெச்சுக்கும். வெச்சுக்கிட்டு, எங்கிட்ட போன தடவை வாங்கினது இருக்கு, அதுக்கப்புறம் ஏதாவது மாறிச்சான்னு சர்வரைக் கேட்கும். மாறலைன்னா சர்வர் முந்நூற்று நாலுன்னு ஒரு நம்பர் மட்டும் சொல்லும். மாறலை, உங்கிட்ட இருக்கறதையே பாருன்னு அர்த்தம்."

"நகல் கையில் இருந்தாலும் கேட்கணும்?"

"கேட்டுக்கிறது நல்லது சார். கேட்காம நம்மகிட்ட இருக்கறதையே பார்த்துட்டு இருந்தா, அங்க என்ன ஆச்சுன்னே தெரியாமப் போயிரும்."

அடுப்படியில் பூங்கோதை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. குழாயில் தண்ணீர் போயிருக்கும்.

"என் பெட்டி ஏன் கேட்கவில்லை?"

"அது நான் பண்ணினது சார்." தலையைத் திருப்பாமல் சொன்னார். "முதல்ல வீட்டுல இருக்கற நகலைக் காட்டு, அங்க பதில் வந்தா மட்டும் மாத்துன்னு வெச்சேன். அத்தை கேட்டாங்க. சாருக்குக் காத்திருக்கப் பிடிக்காது, நெட் வரலைன்னா கத்துவாரு, ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் அவரும் திறந்து பார்ப்பாரு, அன்னிக்கு டக்குன்னு திறக்கணும்னாங்க."

அத்தை. அவர் மரகதத்தை அத்தை என்றுதான் சொல்கிறார்.

நான் அப்புறம் ஒன்று கேட்டேன். சும்மா, தொழில் முறையில். "சர்வர் பதிலே சொல்லாவிட்டால் பிரௌசர் எவ்வளவு நேரம் நிற்கும்?"

"கொஞ்ச நேரம் நிக்கும் சார். அப்புறம் விட்டுரும்."

"அது தப்பு. பதில் வரும்வரை நிற்க வேண்டும்."

"எவ்வளவு நேரம் சார் நிக்கும், அதுவும்?"

தண்ணீர் வேண்டும் என்றேன். கொண்டுவந்து கொடுத்தார்.

எடுத்துவிட்டார். இரண்டு நாள் ஆயிற்று. அதே பெயரில், வேறு இடத்தில் வைத்தார். நல்லவேளை, பெயர் இன்னொருவன் கைக்குப் போகவில்லை. "கம்பெனி மூடறதுக்கு முன்னாடியே நீங்க திறந்து படிச்ச பக்கம் எல்லாம் இருக்கு சார். அதனாலதான் தப்பிச்சுது. திறக்காத பக்கம் பெட்டியில இருக்காது" என்றார். நான் தினம் ஒன்றாக எல்லாவற்றையும் படித்திருந்தேன்.

எல்லாவற்றையும் இல்லை. ஒன்று இல்லை. வரிசையில் தலைப்பு மட்டும் இருக்கிறது. தட்டினால் நானூற்று நாலு. ‘சொல்லாதவருக்குச் சமைத்தால்’ என்று தலைப்பு. அதை நான் தாண்டிப் போய்விட்டேன். முக்கியம் இல்லை என்று தாண்டினேன். வேறு காரணம் இல்லை.

பெரிய விஷயம் இல்லை, விடும் என்றேன். அவர் விடவில்லை. அடுப்படியைப் பார்த்து, "கோதை, உனக்கு ஞாபகம் இருக்கா?" என்றார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. மனப்பாடமாகச் சொன்னாள் தம்பி. அவள் அம்மா பேசுகிற மாதிரியே. சில பேர் நல்லா இருக்குன்னும் சொல்ல மாட்டாங்க, நல்லா இல்லைன்னும் சொல்ல மாட்டாங்க. அவங்க வாயைப் பார்க்காதே. எழுந்து போனதும் தட்டைப் பாரு. மிச்சம் இல்லைன்னா நல்லா இருந்துச்சுன்னு அர்த்தம். எனக்குப் பதில் அதுலதான் வரும். தினம் ரெண்டு வேளை வரும்.

அவர் டைப் அடித்தார். நான் ஜன்னல் பக்கம் நின்றேன். எதிரே ஒரு மாடியில் யாரோ வடகம் காயப்போட்டிருந்தார்கள்.

மத்தியானம் சாப்பாடு போட்டாள். சாப்பிட்டேன். எழுந்து கை கழுவப் போனேன். திரும்பியபோது அவள் என் தட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சம் வைக்கவில்லை. நான் எப்போதும் வைப்பதில்லை. அது பழக்கம்.

சாயங்காலம் பக்கத்தில் ஒரு கேள்வி வந்து விழுந்தது. அந்தக் கூடலூர்க்காரிதான். அம்மா, எங்கே போனீர்கள், ஒரு வருஷமாக வந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறேன், ரவா கேசரி கட்டி தட்டிவிட்டது, என்ன செய்ய?

சரி, ஒருத்தி வந்திருக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்றேன். அவர் சொன்னார்: "எத்தனை பேர் வந்துட்டுத் திரும்பிப் போனாங்கன்னு நமக்குத் தெரியாது சார். சர்வரே இல்லாத இடத்துல யார் வந்தாங்கன்னு யார் எழுதி வைக்கிறது?"

திரையில் இருந்த அந்த ஒரு கேள்வியைத் திரும்பப் படித்தேன்.

கேசரிக்குப் பதில் போட வேண்டும். கூடலூர்க்காரி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பாள். நான் உட்கார்ந்து ஒரு விரலால் தட்டினேன். ‘மரகதம் இல்லை. கேட்டுச் சொல்கிறேன்.’ தட்டிவிட்டேன். யாரைக் கேட்பது? எனக்குக் காபியே வராது. வேறு வழி இல்லாமல் அடுப்படி வாசலில் போய் நின்றேன். "பூங்கோதை, கேசரி கட்டி தட்டிப்போனா என்ன செய்யணும்?" என்றேன்.

அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். கேசரிக்கு ஏன் அழ வேண்டும்? எனக்குப் புரியவில்லை. வெந்நீர் தெளித்து, மூடி, அடுப்பைக் குறைத்து வைக்க வேண்டுமாம். அதைச் சொன்னாள். எழுதிப் போட்டேன்.

இன்னும் நாலு நாள் இருங்கப்பா என்றாள். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். வீட்டில் என்ன இருக்கிறது? ஃபேன் இருக்கிறது.

பெட்டியை இங்கேயே வைத்துவிடுங்கள், இனி எந்த போனிலும் திறக்கும் என்றார்கள். அது சரி. ஆனால் பெட்டி என்னோடு இருக்கட்டும். அவர் ஒன்று மாற்றியிருக்கிறார். இனிமேல் முதலில் அங்கே கேட்கும். அங்கே பதில் வராவிட்டால்தான் நகலைக் காட்டும். காட்டும்போது மேலே ஒரு வரி எழுதிக் காட்டும், இது பழசு என்று. நான் கேட்கவில்லை. அவராகச் செய்தார்.

பார்த்தீர்களா, எதிர்வண்டி வந்துவிட்டது. இனி நம்மை விடுவார்கள். சிவகங்கை, அப்புறம் மானாமதுரை. எனக்கு அதோடு சரி.

திரும்பவும் போன். முதலில் அடித்ததும் இதே நம்பர்தான். ஒரு நிமிஷம் இருங்கள்.

ம். நான்தான். கல்லல் தாண்டவில்லை. பெட்டி மடியில்தான். சாப்பிட்டேன். மிச்சம் இல்லை என்று சொல்லும் அவளிடம். ம். ம். அங்கே... அங்கே எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? காலையில் பார்த்தேன், தெரியும். இப்போது எப்படி என்று கேட்கிறேன். ம். சரி. இறங்கினதும் நானே பேசுகிறேன். வைக்கிறேன்.

தம்பி, ஒரு உபகாரம். இந்த நம்பருக்குப் பெயர் போட்டுத் தாருங்கள். வெறும் நம்பராகவே வருகிறது. கண்ணாடி பைக்குள் இருக்கிறது, எடுக்க முடியாது, மடியில் பெட்டி. பக்கத்தைச் சரிசெய்து கொடுத்த ஆளின் நம்பர். மருமகன் என்றா? வேண்டாம், வேண்டாம். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. நான் சொல்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

அமலதாஸ்.